கட்சிரோலியில் எடுத்த கணக்கு

மகாராஷ்டிராவில் குப்பை கொட்டும் நம்மவர்களிடம் கட்சிரோலி என்று சொன்னால் இரண்டு விஷயம்தான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று நக்சலைட், இன்னொன்று பனிஷ்மெண்ட் டிரான்ஸ்ஃபர். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் என்ற தம்பதி அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் படித்துவிட்டு ஊர் திரும்பி, 1986-ல் கட்சிரோலியில் 'சர்ச்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். குழந்தைகளின் நிமோனியாவைக் கிராமத்திலேயே குணப்படுத்தலாம் என்று முதலில் காட்டினார்கள். எண்ணத் தெரியாத மருத்துவச்சிகளுக்காக, பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ளும் எளிய கருவியையும் செய்தார்கள்.

அதன் பிறகும் பிறந்து 28 நாளுக்குள் சாகும் குழந்தைகள் மிச்சம் இருந்தார்கள். அங்கே பிள்ளை பெற்றவளும் குழந்தையும் தனி அறையில்தான் இருப்பார்கள். நம் பக்கத்துத் தீட்டு மாதிரிதான். டாக்டர் உள்ளே போக முடியாது, குழந்தையும் வெளியே வராது.

1995-96-ல் 39 கிராமங்களில் 763 குழந்தைகளை வீட்டிலேயே வைத்துக் கவனித்தார்கள். பாதிப் பேருக்கு மேல் மருத்துவ உதவி தேவைப்பட்டது. டாக்டரைப் பார்த்தது வெறும் 2.6 சதவீதம். எங்கள் பாஷையில் சொன்னால், புத்தகத்தில் ஏறாத கடன்!

ரத்தத்தில் கிருமி பரவும் 'செப்சிஸ்' வந்தால் ஆஸ்பத்திரி, ஊசி என்பதுதான் மருத்துவ உலகின் விதி. ஆஸ்பத்திரிக்கே போகாதவர்களுக்கு இந்த விதியால் என்ன பிரயோஜனம்? ஐந்தாவது முதல் பத்தாவது வரை படித்த கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அழுகை பலவீனமாகிறதா, பால் குடிப்பதை நிறுத்திவிட்டதா, கைகால் துவண்டு போகிறதா என்று பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால், பெற்றவர்கள் சம்மதித்தால், வீட்டிலேயே ஜென்டாமைசின் ஊசி, கூடவே வாய்வழி மருந்து.

ஒப்பிட்டுப் பார்க்க 47 கிராமங்களைத் தனியே வைத்திருந்தார்கள். 1999-ல் 'லான்செட்' இதழில் முடிவு வெளிவந்தது. செப்சிஸ் வந்த குழந்தைகளில் இறந்தவர்கள் 16.6 சதவீதத்திலிருந்து 2.8 ஆகக் குறைந்திருந்தார்கள். ஆயிரத்துக்கு 62 ஆக இருந்த பச்சிளங்குழந்தை மரணம், மூன்றாம் ஆண்டில் 25.5. ஒப்பீட்டுக் கிராமங்களிலோ குறையவே இல்லை.

2011-ல் மத்திய அரசு, 'ஆஷா' பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பச்சிளங்குழந்தைகளைப் பார்க்கும் திட்டத்தைக் கொண்டு வந்தது. ஆனால் ஊசி அவர்கள் கைக்கு வரவில்லை. 2014-ல் அந்த அனுமதி துணைச் செவிலியர்களுக்குத்தான் கிடைத்தது. படிப்பு குறைந்தவர்கள் கையில் ஆன்டிபயாடிக்கைக் கொடுப்பதா என்ற தயக்கம் நியாயமானதுதான். 2016-ல் வெளியான ஆய்வு ஒன்று, டெல்லியின் பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே பல மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பச்சிளங்குழந்தைகளைத் தாக்குவதாகக் காட்டியது.

ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்தக் கிருமிகள் ஆஸ்பத்திரியில் வளர்ந்தவை. கட்சிரோலிப் பெண்களோ எடை பார்த்து, சூடு பார்த்து, எழுதி வைத்து, அதற்குப் பிறகுதான் ஊசியை எடுத்தார்கள். ஊசிக்கு முன்னால் அந்தக் கணக்கு நோட்டு வந்தது. அதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?