பேரில் மட்டும் மாடு

எங்கட உம்மம்மாமாரின் மேற்கையில் வட்டமான ஒரு பழைய தழும்பைக் கண்டிருப்பீங்க. பெரியம்மைக்கு அம்மை குத்தின தழும்பு அது. அந்த மருந்தில் இருந்த உயிருள்ள வைரஸின் பெயர் வக்சினியா. லத்தீனில் 'வக்கா' என்றால் பசு.

1796 மே மாதம், பால் கறக்கும் பெண்ணொருத்தியின் கையில் வந்திருந்த மாட்டு அம்மைக் கொப்புளத்து நீரை எடுத்து எட்டு வயதுப் பையன் ஜேம்ஸ் பிப்ஸுக்கு ஏற்றினார் எட்வர்ட் ஜென்னர். 1798இல் எழுதிய நூலில் அந்த நோயை 'வரியோலே வக்சினே', அதாவது பசுக்களின் அம்மை, என்றார். 1881இல் லூயி பாஸ்டர், ஜென்னருக்கு மரியாதையாக, எல்லாத் தடுப்பு மருந்தையும் 'வக்சீன்' என்றே அழைப்போம் என்றார். அதனால்தான் கொரோனா ஊசியின் பேரிலும் மாடு நிற்குது.

வேடிக்கை என்னவென்றால், வக்சினியா மாட்டு அம்மை வைரஸே இல்லை. இரண்டும் வேறு வேறு என்று 1939இல் அலன் டவுனி காட்டினார். 1902இல் அமெரிக்காவில் தயாரித்த பெரியம்மை மருந்தொன்றின் மரபணுவை 2017இல் வாசித்துப் பார்த்தால், அது குதிரை அம்மைக்குத்தான் கிட்டின சொந்தம். இந்த நோய் குதிரையின் குதிகாலிலிருந்து மாட்டுக்கு வந்திருக்கும் என்று ஜென்னரே எழுதியிருந்தார். ஆனாலும் பேர் மாட்டோடயே நின்றுபோச்சு.

பேர் பிழையென்றால் போகட்டும். எங்களை உறுத்துறது வேற. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் இந்த மருந்து வெயிலில் கெட்டுப்போகும். அதுக்குக் கண்டுபிடித்த வழி பிள்ளைகளின் கைகள். ஒரு பிள்ளையின் கொப்புளத்திலிருந்து அடுத்த பிள்ளைக்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு. 1803இல் ஸ்பெயின் இப்படித்தான் அநாதைச் சிறுவர்களைக் கப்பலில் ஏற்றி அமெரிக்கக் கண்டத்துக்கு மருந்து அனுப்பியது. அந்தப் பிள்ளைகளிடம் யார் சம்மதம் கேட்டாங்க?

எங்கட பக்கத்துக்கு வந்த கதையும் பிள்ளையில்தான் தொடங்குது. 1802 ஜூன் 14, பம்பாய். பக்தாத், பஸ்ரா வழியாக வந்த மருந்து, வேலைக்காரப் பெண்ணொருத்தியின் மூன்று வயது மகள் அனா டஸ்தாலின் கையில் பிடித்தது. அவளிலிருந்துதான் இந்தியாவுக்குள் பரவியது. அதே ஆண்டு இலங்கைக்கும் வந்தது. இங்கே அதை நடத்திய வைத்தியர் தோமஸ் கிறிஸ்டி 1811இல் தனிப் புத்தகமே போட்டார். அனா என்ன எழுதியிருக்க முடியும்?

பழைய தமிழில் இந்த மருந்துக்கு 'அம்மைப்பால்' என்று பேர். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. கொப்புளத்திலிருந்து எடுத்த நீரைத்தான் பால் என்றாங்க. எங்களுக்கு லத்தீனை விட இதுதான் நேர்மையான சொல்லாகப் படுது.

1980இல் பெரியம்மை ஒழிந்ததென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. எங்கட வயதுக்காரரின் கையில் இருப்பது அந்தத் தழும்பில்லை; பிறந்த உடனே போட்ட பி.சி.ஜி. ஊசியின் தழும்பு. அதைச் செய்தது எதிலிருந்து தெரியுமா? மாட்டுக்குக் காசநோய் தரும் கிருமியிலிருந்து. அதன் பேரில் மாட்டை யாரும் சொல்றதில்லை.