பிறப்பும் வளர்ப்பும்: கண்டிச் சீமைக் கதைமாந்தர்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம்மவர் பழமொழி. தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பதும் நம்மவர் பழமொழியே. முன்னது மனிதனின் குணத்தைப் பிறப்பிலே காண்கின்றது. பின்னது வளர்ப்பிலே காண்கின்றது. இவ்விரண்டையும் ஒரே நாவினாற் சொல்லி, முரண்பாடு தோன்றாமல் நாம் வாழ்ந்து வருகின்றோம். கதை எழுதுவோன் அவ்வாறு தப்பிவிட முடியாது. தான் படைத்த மாந்தன் ஏன் இப்படி நடந்துகொண்டான் என்ற வினாவுக்கு அவன் விடை கூறியே ஆகவேண்டும். கண்டியிலும் அதனைச் சூழ்ந்த மலைநாட்டிலும் எழுந்த தமிழ்க் கதைகள் அவ்வினாவுக்குக் காலந்தோறும் என்ன விடை கூறின என்பதையே இன்று சிந்திக்க விழைகின்றேன்.

ஈழத்துத் தமிழ் நாவலின் வரலாறு கண்டியிற் பிறந்த ஒருவரிடமிருந்தே தொடங்குகின்றது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 1838 இற் பிறந்து, வழக்கறிஞராக விளங்கி, 1898 இல் மறைந்த சித்தி லெப்பை அவர்களே அவர். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879 இல் வெளிவந்தது. ஆறே ஆண்டுகளில், 1885 இல், சித்தி லெப்பையின் ‘அசன்பேயுடைய கதை’ வெளிவந்தது. எகிப்து நாட்டில் உயர்குடியிற் பிறந்த குழந்தை கடத்தப்பட்டுப் பம்பாய்க்குக் கொண்டுவரப்படுகின்றது. பெற்றோர் இன்னாரென்று அறியாமலே வளர்ந்த அசன், பல இன்னல்களைக் கடந்து இறுதியில் அவர்களை அடைகின்றான்.

இக்கதையில் வளர்ப்புச் சூழல் நாயகனின் குணத்தைக் கெடுக்கவில்லை. எங்கே வளர்ந்தாலும் அசன் அசனாகவே இருக்கின்றான். துன்பம் அவனைச் சோதிக்கின்றதேயன்றி மாற்றுவதில்லை. பழைய காவிய நாயகர்களின் மரபு இது.

ஆனால் நூலாசிரியரின் வாழ்க்கை வேறொன்றைச் சொல்லியது. 1882 இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிக் கல்வியின் அருமையை இடைவிடாது எடுத்துரைத்தவர் அவர். எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இலங்கையில் வாழ்ந்த அராபி பாஷாவின் துணையுடன் கொழும்பு மருதானையிற் பாடசாலையொன்றை நிறுவினார். பிற்காலத்தில் ஸாஹிறாக் கல்லூரியாக வளர்ந்தது அதுவே. பெண்கல்விக்காகவும் பாடுபட்டார். பிறப்பே எல்லாம் என்று நம்பியவர் பள்ளிக்கூடங் கட்ட இத்துணை உழைப்பாரோ? கதையிலே பிறப்பை உயர்த்திய கையே வாழ்க்கையிலே வளர்ப்புக்கு அடித்தளம் இட்டது.

அசனின் கதை அச்சேறிய அக்காலத்திலே கண்டியைச் சூழ்ந்த மலைகளில் வேறொரு வாழ்க்கை உருவாகிக்கொண்டிருந்தது. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தது. 1867 இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் வரிசை வரிசையான லயன்களிற் குடியமர்த்தப்பட்டன. விடியலிற் பிரட்டு, பகலெல்லாம் மலையிற் கொழுந்து, தாய் வேலைக்குச் சென்றபின் குழந்தைக்குப் பிள்ளைக் காம்பரா, வளர்ந்ததும் தோட்டத்திற் பேர் பதிதல். பெரிய கங்காணியின் கடனும் துண்டும் தந்தையையும் பின்பு மகனையும் பிணைத்தன. குழந்தை நடக்கத் தொடங்குமுன்னரே அதன் வழி வகுக்கப்பட்டிருந்தது. இங்கே பிறந்தவனைப் பற்றி எழுதுவோன் சூழலை ஒதுக்கிவைத்துக் குணத்தை மட்டும் எழுதுதல் எங்ஙனம்?

தமிழ்ச் சிறுகதை அவ்வுண்மையை முதன்முதலில் வன்மையாக எதிர்கொண்ட இடங்களுள் ஒன்று, புதுமைப்பித்தன் 1935 இல் ‘மணிக்கொடி’யில் எழுதிய ‘துன்பக்கேணி’. திருநெல்வேலிச் சிற்றூரில் ஒடுக்கப்பட்ட குலத்திற் பிறந்த மருதி, கணவன் சிறை செல்ல, பிழைப்புத் தேடி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வருகின்றாள். அங்கே உடலும் மனமும் சிதைகின்றாள். அவளது வீழ்ச்சிக்கு ஆசிரியர் அவள் குணத்தைக் காரணங் காட்டவில்லை. ஊரின் சாதியையும் வறுமையையும் தோட்டத்தின் அதிகாரத்தையுமே காட்டுகின்றார். அசனைத் தொடாத சூழல் மருதியை விழுங்கிவிடுகின்றது. ஐம்பது ஆண்டுகளில் விடை தலைகீழாக மாறிவிட்டது.

ஆயினும் அவ்விடையிலும் ஓர் ஆபத்து உண்டு. எல்லாவற்றையும் சூழலே செய்கின்றதென்றால் மனிதன் வெறும் பாவையாகி விடுகின்றான். மலைநாட்டிலேயே பிறந்த எழுத்தாளர்கள் இதனை உணர்ந்தார்கள். மடக்கொம்பரையில் 1914 இற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். மறு ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம் அவரைத் தெரிந்தனுப்பிய மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அவருடைய நாவலொன்றின் பெயர் ‘வீடற்றவன்’ என அமைந்ததில் வியப்பில்லை. என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ கதையில் ஒரு பெண்ணின் கைத்திறன் ஐயுறப்படுகின்றது. அவளோ அதைத் தன் கையாலேயே மெய்ப்பிக்கத் துணிகின்றாள். கூடையும் மலையும் அவள் தேர்ந்தவை அல்ல. அந்தத் துணிவு மட்டும் அவளுடையது. 1974 இல் ‘காலங்கள் சாவதில்லை’ நாவலை எழுதிய தெளிவத்தை ஜோசப், தாம் பணிபுரிந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்டார். இவர்கள் சூழலின் பாரத்தைக் குறைத்துக் காட்டவில்லை. பாரத்தின் கீழ் நிமிர முயலும் முதுகையும் சேர்த்துக் காட்டினார்கள்.

நமது அயலவரான சிங்கள மக்களின் இலக்கியத்திலும் இவ்வினா எழுந்தது. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’ 1944 இல் வெளிவந்தது. அதிலே நந்தாவின் மனம் பியலை நாடுகின்றது; குடும்பப் பெருமையோ அவளை வேறொருவனுக்கு மணமுடிக்கின்றது. லயத்து வறுமை மட்டுமன்று, வளவின் பெருமையும் மனிதரை நெரிக்கும் என்பதை அந்நாவல் காட்டுகின்றது.

இவற்றையெல்லாம் ஓர் அதிபர் ஏன் பேசவேண்டும் என்று கேட்பீர்கள். என் குற்றமொன்றை ஒப்புக்கொள்ளவே பேசுகின்றேன். நான் இளம் ஆசிரியனாக இருந்த காலத்தில் ஒரு மாணவன் நாள்தோறும் வகுப்பில் உறங்குவான். அவனது தேர்ச்சி அறிக்கையில், கல்வியில் நாட்டமில்லாதவன் என்று எழுதிக் கையொப்பமிட்டேன். தாய் வீட்டுப் பணிக்காக மேற்காசியா சென்றிருந்தாள் என்பதும், விடியுமுன் எழுந்து இரு தங்கையருக்கும் சோறாக்கி வைத்துவிட்டே அவன் பள்ளிக்கு நடந்து வந்தான் என்பதும், அவன் பள்ளியை விட்டு நீங்கிய பின்னரே எனக்குத் தெரிந்தன. ‘துன்பக்கேணி’யிலும் பள்ளி ஆசிரியன் ஒருவன் வருகின்றான். அக்கதையை வகுப்பிற் கற்பிக்கும்போதெல்லாம் அந்த ஒற்றை வரி என் நினைவுக்கு வந்து நாணச் செய்கின்றது. ஒரு நல்ல கதாசிரியன் தன் கற்பனை மாந்தனுக்குக் காட்டும் நீதியை, என் முன் அமர்ந்திருந்த உயிருள்ள சிறுவனுக்கு நான் காட்டவில்லை.

ஹந்தானை மலையில் 1925 இற் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையொன்று 2001 முதல் நூதனசாலையாக விளங்குகின்றது. பழைய இயந்திரங்கள் அங்கே துலக்கி வைக்கப்பட்டுள்ளன. அவை எவ்வாறு இயங்கின என்பதை அங்கே கண்டறியலாம். அவற்றுக்குக் கொழுந்து சுமந்தவர்களின் மனம் எவ்வாறு இயங்கியது என்பதை அறியவோ நாம் கதைகளிடமே செல்லவேண்டும். ஒருவரது குணத்தைப் பற்றித் தீர்ப்புரைக்குமுன், அவர் எந்த வீட்டிலிருந்து எந்த வழியே நடந்து வந்தார் என்று கேட்குமாறு அக்கதைகள் நமக்குக் கற்பிக்கின்றன. பெற்றோரும் ஆசிரியரும் அக்கேள்வியைக் காலத்தில் கேட்பார்களாயின், பல தேர்ச்சி அறிக்கைகள் வேறு விதமாக எழுதப்படும்.