பெத்லகேமுக்குக் குறத்தி வந்த கதை

 

மார்கழி வந்துவிட்டது. ஸ்ரீரங்கத்தில் பகல் பத்து, இராப் பத்து என்று வீதிகள் நிறையும் காலம். காவிரிப் பாலத்தைத் தாண்டித் திருச்சிக்குள் போனால், மேலப்புதூர்ப் பக்கம் வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரங்கள் தொங்குகின்றன. முப்பத்து நான்கு வருஷம் இந்தப் பாலத்தைத் தினமும் தாண்டிப் போய்ப் பாடம் நடத்தியவன் நான். அதனால் இரண்டு கொண்டாட்டங்களும் எனக்கு ஒரே மாதத்தின் இரண்டு பக்கங்கள்.

சில நாள் முன்பு வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், என் பையனுக்கு ஏழு வயசு. கிறிஸ்துமஸ் என்றால் சாண்டா, கேக், பரிசு, அவ்வளவுதான் தெரிகிறது. நம் ஊரில் அந்தக் காலத்தில் குழந்தைகளுக்கு இதை எப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள்?"

நல்ல கேள்வி. நான் வைணவக் குடும்பத்தில் பிறந்தவன். வேதபாடம் நடத்த ஆயர்களும் உபதேசியார்களும் இருக்கிறார்கள். அந்த வேலையை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அவள் கேட்டது வரலாறு. அது என் பாடம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் முத்துக்குளித்துறைக்குப் போவோம். 1542இல் அங்கே வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் அதிகம் தெரியாது. துணைக்கு ஆள் வைத்துச் சில செபங்களைத் தமிழில் ஆக்கி, மனப்பாடம் செய்து, சிறுவர்களைத் திரட்டித் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். சிறுவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குச் சொன்னார்கள். ஆக, இந்தக் கதையில் முதல் ஆசிரியர்களே குழந்தைகள்தான்.

அடுத்து அன்றிக் அடிகளார். 1578இல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கப் புத்தகம். இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அது. மறு வருஷமே கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வந்தது. போர்ச்சுக்கலில் குழந்தைகளுக்காகக் கேள்வி-பதிலாக எழுதிய ஒரு நூலின் தமிழ் வடிவம் அது. அச்சு இயந்திரத்தில் ஏறிய முதல் தமிழ் வரிகளுக்கு வேலை, பாடம் சொல்லிக் கொடுப்பது. ஓர் ஆசிரியனுக்கு இதைவிடப் பெருமை என்ன வேண்டும்?

ஆனால் கேள்வி-பதிலில் ஒரு சங்கடம் இருக்கிறது. என்னிடம் படித்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். "பானிப்பட் போர் எப்போது?" என்றால் ஆண்டைச் சொல்லிவிடுவீர்கள். "ஏன் நடந்தது?" என்றால் கூரையைப் பார்ப்பீர்கள். மனப்பாடம் விடையைத் தரும். விஷயம் உள்ளே இறங்குவதற்கு வேறொன்று வேண்டும்.

அந்த வேறொன்றைத் தேடியவர்களில் ஒருவர் நம் பக்கத்து ஊர்க்காரர் என்றே சொல்லலாம். இத்தாலியில் பிறந்து, கொள்ளிடத்துக்கு அக்கரையில் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர். 1726இல் அவர் முடித்த 'தேம்பாவணி' 3615 பாடல்கள் கொண்ட காப்பியம். குழந்தை இயேசுவை வளர்த்த சூசையப்பர்தான் அதில் கதைத்தலைவர். யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்குப் பெருகுதல், வளர்தல் என்று பொருள். அதனால் அவருக்கு 'வளன்' என்று தமிழ்ப் பெயர் வைத்தார் முனிவர். திருச்சியில் தூய வளனார் கல்லூரி என்று தினமும் சொல்கிறோமே, அந்த வளனார் இந்தக் காப்பியத்து வளன்தான். அப்துல் கலாமும், நம் ஸ்ரீரங்கத்து சுஜாதாவும் படித்த கல்லூரியின் பெயருக்குள் ஒரு கிறிஸ்து பிறப்புக் கதை உட்கார்ந்திருக்கிறது.

தேம்பாவணி புலவர்களுக்கு உரியது. ஏழு வயதுப் பையனுக்கு அது எட்டாது. குழந்தைக்கு எட்டும் வடிவம் வர இன்னும் எழுபது எண்பது வருஷம் ஆனது. அந்தக் கதை நம் கோட்டைக்குள் தொடங்குகிறது.

1760களின் தொடக்கத்தில் தரங்கம்பாடியிலிருந்து ஒரு ஜெர்மானியர் திருச்சிக்கு வந்தார். பெயர் கிறிஸ்டியன் ஃப்ரெடரிக் சுவார்ட்ஸ். கோட்டையில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் இறந்தார்கள். அனாதையான பிள்ளைகளுக்காக அவர் ஒரு பள்ளி தொடங்கினார். 1766இல் தெப்பக்குளத்துக்கு வடக்கே கிறிஸ்து நாதர் ஆலயத்தைக் கட்டினார். மலைக்கோட்டைக்குப் போகும் வழியில் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு நடக்கும்போது பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அடுத்த முறை ஒரு நிமிஷம் நில்லுங்கள்.

1778இல் சுவார்ட்ஸ் தஞ்சாவூருக்கு இடம் மாறினார். 1785இல் பாளையங்கோட்டைக்குப் போனவர், அங்கே பதினோரு வயதுப் பையன் ஒருவனைப் பார்த்தார். தேவசகாயம் என்ற புலவரின் மகன். பையனின் கூர்மையைப் பார்த்து, தகப்பனின் சம்மதத்தோடு தஞ்சைக்கு அழைத்து வந்து தன் பிள்ளையாக வளர்த்துப் படிக்க வைத்தார். பிறகு தரங்கம்பாடியில் மேற்படிப்பு. இருபது வயதை ஒட்டிய பருவத்தில் பையன் தஞ்சையில் ஆசிரியராகிவிட்டான். அவர்தான் வேதநாயகம் சாஸ்திரியார். (மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை வேறு, பிற்காலத்தவர். தேர்வில் இருவரையும் குழப்பியவர்கள் உங்களிலேயே இருக்கிறீர்கள்!) அரசர் சரபோஜிக்கும் சுவார்ட்ஸ்தான் வழிகாட்டி. ஒரே ஆசிரியர், ஒரு சீடர் அரசர், இன்னொருவர் கவிராயர்.

சுவார்ட்ஸ் 1798இல் காலமானார். இரண்டு வருஷம் கழித்து, 1800இல், சாஸ்திரியார் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார்.

குறவஞ்சி என்றால் என்ன? திருக்குற்றாலக் குறவஞ்சி பாடம் நடந்தது நினைவிருக்கும். தலைவன் பவனி வருகிறான். தலைவி பார்த்து மயங்குகிறாள். மனசு தவிக்கிறது. அப்போது கூடையும் கோலுமாக ஒரு குறத்தி தெருவில் வருகிறாள். தலைவியின் கையைப் பார்த்து, "அம்மே, நீ நினைத்தவன் வருவான்" என்று குறி சொல்கிறாள். அவளைத் தேடிக்கொண்டு அவள் புருஷன் சிங்கன் வருகிறான். பாட்டு, ஆட்டம், சிரிப்பு எல்லாம் உண்டு. படிக்காதவரும் குழந்தையும் முன்வரிசையில் உட்கார்ந்து ரசிக்கும் கூத்து இது.

சாஸ்திரியார் அந்தச் சட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். பவனி வருபவர் பெத்லகேம் நாதர். அவரை நினைத்து ஏங்கும் தலைவி தேவமோகினி, அதாவது திருச்சபை. குறத்தி வந்து நற்செய்தி சொல்கிறாள். மிஷன் பள்ளியில் தான் படித்த பூகோளத்தையும் வானநூலையும்கூடப் பாட்டுக்குள் வைத்திருக்கிறார். வாத்தியார் புத்தி!

இதில் என்னை யோசிக்க வைத்தது அந்தக் குறத்திதான். லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் கிறிஸ்து பிறந்த சேதி முதலில் யாருக்குப் போகிறது? அரண்மனைக்கா? ஆலயத்துக் குருமாருக்கா? இராத்திரியில் வயல்வெளியில் ஆடு காத்துக்கொண்டிருந்த இடையர்களுக்கு. பெரிய இடத்துச் சேதியைத் தெருவில் திரிகிறவர்கள் கொண்டுவருகிறார்கள். நம் குறவஞ்சியிலும் அதேதான்: மாளிகைப் பெண்ணுக்குத் தெரியாததை நாடோடிக் குறத்தி சொல்கிறாள். கிறிஸ்துமஸின் பொருளைத் தமிழ்க் குழந்தைக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான பாத்திரம் நம் இலக்கியத்தில் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

இதே வேலையை வேறொரு நாட்டில் இன்னொருவர் செய்திருக்கிறார். 1223இல் இத்தாலியில் கிரேச்சியோ என்ற ஊரில், புனித பிரான்சிஸ் அசிசியார் வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்துத் தீவனத்தொட்டிக் காட்சியை அமைத்தார். லத்தீன் புரியாத ஜனங்களுக்குக் கண்ணால் பார்க்கும் பாடம். நம் கிறிஸ்தவ வீடுகளில் பிள்ளைகள் வைக்கோல் பொறுக்கிக் குடில் கட்டுகிறார்களே, அதற்கு மூலம் அது. கொலுவுக்குப் படி கட்டி வளர்ந்த ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளுக்கு இதன் அருமை சட்டென்று புரியும்.

இனி, சொல்லக் கொஞ்சம் கஷ்டமான பகுதி. வரலாறு சொல்கிறேன் என்றுவிட்டு இதை விட முடியாது.

தஞ்சை, திருச்சி சபைகளில் அன்று ஜாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்தார்கள். 1820களில் வந்த புதிய மிஷனரிமார், எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும், ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்க வேண்டும் என்றார்கள். அதைக் கடுமையாக எதிர்த்து எழுதியவர்களில் முன்னால் நின்றவர் நம் வேதநாயகம் சாஸ்திரியார். புதியவர்கள் தமிழ்ப் பாட்டையும் பூவையும்கூடத் தடுத்தார்கள் என்பது அவருடைய இன்னொரு வருத்தம். அதில் நியாயம் இருந்தது. ஜாதி விஷயத்தில் அவரோடு நிற்க என்னால் முடியாது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி வேற்றுமை கூடாது என்று கண்டிப்பாக ஆணை அனுப்பினார். பலர் சபையை விட்டே விலகினார்கள்.

குறத்தியின் வாயில் நற்செய்தியை வைத்தவர், பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. சேதி பாட்டில் ஏறியது, பந்திக்கு வரவில்லை. அது அந்தக் காலம் என்று தள்ளிவிடவும் முடியாது. மேலப்புதூர்க் கல்லறையில் ஜாதி பிரித்து நிற்கும் சுவரைப் பற்றி நம் காலத்துச் செய்தித்தாளிலேயே படித்தோம்.

நான் அக்கரையில் நின்றுகொண்டு கல்லெறியவில்லை. எங்கள் தீவிலும் இதே பாடம் உண்டு. உறையூர்த் திருப்பாணாழ்வார் கதை உங்களுக்குத் தெரியும். பாணர் குலத்தில் வந்தவர் என்பதால் கோயிலுக்குள் போகாமல் காவிரிக்கரையில் நின்று பாடினார். லோகசாரங்கர் என்ற பெரியவர் எறிந்த கல் அவர்மேல் பட்டது. பிறகு பெருமாள் ஆணைப்படி அதே லோகசாரங்கர் அவரைத் தம் தோளில் சுமந்து சந்நிதிக்குக் கொண்டுபோனார் என்று குருபரம்பரை சொல்கிறது. எங்கள் வீட்டில் ஒவ்வொரு குழந்தைக்கும் இந்தக் கதையைச் சொல்லித்தான் சோறு ஊட்டுவார்கள். அதே தெருவில் யாருக்கு வீடு வாடகைக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

ஆக, மாணவிக்கு என் பதில் இது.

முதலில் கதையைக் கதையாகச் சொல். குடிமதிப்பு எழுதச் சொல்லி அரசாணை. நிறைமாதப் பெண் நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் போகிறாள். ஏறக்குறைய இங்கிருந்து மதுரைக்குப் போகிற தூரம். சத்திரத்தில் இடமில்லை. பிள்ளையைத் துணியில் சுற்றித் தீவனத்தொட்டியில் கிடத்துகிறாள். பிறகு, ஏரோது கொல்லப் பார்க்கிறான் என்று தெரிந்து குடும்பமே இராத்திரியோடு எகிப்துக்கு ஓடுகிறது. குழந்தைகளுக்கு இதில் பாதியை நாம் சொல்வதே இல்லை. இடமில்லாமல் பிறந்து அகதியாக வளர்ந்த பிள்ளை என்றால் ஏழு வயதுக்குப் புரியும்.

இரண்டாவது, அவன் கேட்கும் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல். டிசம்பர் 25 என்று பைபிளில் தேதி இருக்கிறதா? இல்லை. நான்காம் நூற்றாண்டில் ரோமாபுரியில் அந்த நாளில் கொண்டாடியதற்குச் சான்று இருக்கிறது. சாண்டா யார்? இன்றைய துருக்கியில் மைரா என்ற ஊரில் பிஷப்பாக இருந்த நிக்கோலாஸ். கல்யாணத்துக்குப் பணமில்லாத மூன்று பெண்களின் வீட்டில் இராத்திரியில் யாருக்கும் தெரியாமல் பொன்முடிப்புப் போட்டார் என்று பழைய கதை. சாண்டாவைத் துரத்த வேண்டாம். அவருடைய ஊருக்கே அழைத்துப் போ.

மூன்றாவது, அவதாரம் என்ற சொல். அவன் ஸ்கூலில் இந்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். "உங்கள் கிருஷ்ணர் மாதிரியா?" என்று கேட்பார்கள். தமிழ்க் கிறிஸ்தவர்கள் 'மனுஷாவதாரம்' என்ற சொல்லை நெடுங்காலமாகப் புழங்குகிறார்கள். கேட்டதும் விளங்கும் சொல். ஆனால் கிறிஸ்தவம் சொல்வது ஒரே ஒரு முறை நடந்தது, பசித்து அழுது நடை பழகி மரிக்கும் முழு மனிதராக நடந்தது என்பது. இந்த வித்தியாசத்தையும் சொல்லிவிடு. ஒன்றுபோல் தெரிவதைக் காட்டிவிட்டு வேறுபடுவதையும் காட்டினால்தான் பிள்ளை இரண்டையும் மதிக்கும்.

நான்காவது, பாட்டு. சாஸ்திரியார் பாட்டுகளை நம் சபைகளில் இன்றும் பாடுகிறார்கள். தாலாட்டு மெட்டில் ஒரு கிறிஸ்து பிறப்புப் பாட்டாவது பையனுக்குத் தமிழில் வரட்டும். அயல்நாட்டில் தமிழ் ஒட்டிக்கொள்ளவும் அதுவே வழி.

கடைசியாக, மற்றதெல்லாம் இல்லாவிட்டாலும் இதைச் செய். குடில் கட்டி முடித்ததும் பையனிடம் கேள்: "நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இதுவரை உட்காராதவர் யார்?" அவன் சொல்கிற ஆளைக் கிறிஸ்துமஸ் அன்று சாப்பிடக் கூப்பிடு. சுவார்ட்ஸ் அனாதைப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்ததும், புலவர் வீட்டுப் பையனைத் தன் பிள்ளையாக வளர்த்ததும் இந்த வகைப் பாடம்தான்.

பெத்லகேம் குறவஞ்சியை மேடையில் பார்த்தவர்கள், பாட்டியிடம் கிறிஸ்துமஸ் தாலாட்டுக் கேட்டவர்கள் கீழே எழுதுங்கள். மெட்டு நினைவிருந்தால் பாடியே அனுப்புங்கள். எழுத்துப் பிழைக்கு இப்போது மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் வருகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள், காபி தயாராக இருக்கும்.