துஞ்சுதலும் தூங்குதலும்

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்கு மாலை பஸ்ஸில் வந்தால் ஒரு சொல்லின் வேர் கண்முன்னே தெரியும். சீட்டில் உட்கார்ந்ததுமே ஓர் அக்காவுக்குக் கண் செருகும். வளைவுக்கு வளைவு தலை சாயும், சட்டென்று நிமிரும், மறுபடி சாயும். "தூங்கி விழுறீங்களேக்கா, இப்பிடி சாஞ்சிக்கங்க" என்று பக்கத்துப் பெண் தோள் கொடுப்பார்.

இந்தத் தூங்கி விழுதலைச் சங்க இலக்கியத்தின் துஞ்சுதலோடு வைத்துப் பார்க்கிறேன்.

துஞ்சுதல் என்றால் அடங்குதல். இரவில் ஊர் துஞ்சும். கடைசியில் உயிரும் துஞ்சும். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்று மன்னர்களை அவர்கள் மாண்ட இடத்தோடு சேர்த்தே அழைத்தார்கள். கள்ளுண்ணாமையில் வள்ளுவரும் துஞ்சினாரைச் செத்தாரோடுதான் சேர்க்கிறார்.

தூங்குதலோ அசைவு. தொங்குதல், ஆடுதல் என்பதே அதன் பழம்பொருள். தொங்கும் கூடு கட்டுவதால் தூங்கணாங்குருவி. வஞ்சிப்பாவின் ஓசை தூங்கலோசை. வானில் தொங்கிய கோட்டையை அழித்த சோழன், தூங்கெயில் எறிந்தவன். வினைசெயல்வகையில் வள்ளுவர் காலம் தாழ்த்துவதைத் தூங்குதல் என்கிறார். உறக்கம் என்ற பொருள் பின்னால்தான் ஓங்கியது. அதற்காகத் தூங்குதலை வெறும் பேச்சுவழக்கு என்று ஒதுக்குவது தவறு.

தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயத்துக் காம்பராவுக்குள் போய்ப் பாருங்கள். கூரை மரத்தில் பழஞ்சேலை கட்டிய தொட்டில். உள்ளே பிள்ளை, துணிக்கு வெளியே ஒரு குதிகால் மட்டும். "புள்ள தூங்குது" என்கிறாள் தாய். தொங்குகிறது, ஆடுகிறது, உறங்குகிறது. மூன்றும் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன.

துஞ்சாத முழவு சங்கப் பாடல்களில் ஊரின் செழிப்பைச் சொல்லும். தோட்டத்திலோ விடியுமுன் தப்படித்துத் தொழிலாளரைப் பிரட்டுக்கு, அதாவது காலை ஆளெடுப்புக்கு, எழுப்பிய காலம் ஒன்று இருந்தது. முழு உறக்கம் வாய்க்காத உடம்புகள் அவை. நாளெல்லாம் சரிவில் நின்று கொழுந்து பறித்து, நிறுத்துக் கொடுத்துத் திரும்பும் பெண்ணுக்குக் கிடைப்பது அடங்கல் அல்ல. உட்கார்ந்த இடத்தில் ஓர் அசைவு, அவ்வளவுதான். அரசனின் ஓய்வுக்குத் துஞ்சுதல் பொருந்தும். இவளுடைய களைப்பை அந்தச் சொல் தாங்காது.

மலையகக் கதை எழுதும் தம்பி தங்கைகளே, அழகுக்காக இவளைத் துஞ்ச வைக்காதீர்கள். தூங்கி விழுந்தாள் என்றே எழுதுங்கள்.