மெர்லோவின் தாய்வழி

பிரான்சின் தென்மேற்கே, கரோன், தோர்தோஞ் ஆகிய ஆறுகள் கூடிக் கடல் நோக்கிச் செல்லும் நிலம் போர்தோ. அந்நிலத்து ஒயினைப் பற்றி எழுதுவோர் பலரும் கேபர்னே சாவிஞோன் என்னும் திராட்சையின் பெருமையிலேயே நின்றுவிடுவர். ஆயின் அங்கு நடப்பட்டுள்ள கருந்திராட்சைக் கொடிகளுள் பாதிக்கும் மேற்பட்டவை மெர்லோ என்னும் வகையினவே. உலகின் பல கண்டங்களுக்கும் பரவிய இந்தத் திராட்சையின் தாய் யார் என்பது 2009ஆம் ஆண்டு வரை விளங்கவில்லை. அக்கதையையே நாம் இங்கு காணப்போகிறோம்.

1780களில், தோர்தோஞ் ஆற்றின் வலக்கரைப் பகுதியில் நல்ல ஒயின் தரும் கொடிகளுள் ஒன்றாக இதன் பெயர் எழுத்தில் இடம்பெறுகிறது. 'மெர்ல்' என்பது கரிய இறகுடைய ஒரு பாடும் பறவை. பழத்தின் நீலக்கருமையால் அப்பெயர் வந்ததென்பர் சிலர். அப்பறவை இப்பழத்தை விரும்பி உண்டதால் வந்ததென்பர் வேறு சிலர். இரண்டில் எது சரியாயினும், பெயர் சூட்டியவர் தோட்டத்தில் நின்று பார்த்தவர் என்பதில் நமக்கு ஐயமில்லை.

கேபர்னே சாவிஞோனை விட ஒன்றிரண்டு வாரம் முன்னதாகவே பழுத்துவிடுவது மெர்லோவின் இயல்பு. சரளை மண் வெப்பத்தைத் தேக்கும். களிமண் குளிர்ந்தே இருக்கும். எனவே சரளை மிகுந்த இடக்கரையில் கேபர்னேயும், களிமண் மிகுந்த பொமெரோல், சேன்-எமிலியோன் ஊர்களில் மெர்லோவும் ஓங்கின. முன்னதாகத் துளிர்ப்பதால் வசந்தகாலப் பனி அதனைக் கருக்குவதுண்டு. தோல் மெல்லியதாதலால் மழையில் அழுகலும் எளிதில் பற்றும். இத்தனை இடருக்கும் ஈடாக, அதன் ஒயின் துவர்ப்புக் குறைந்து, இளமையிலேயே அருந்தத் தக்கதாய் அமைந்தது. அதன் செல்வாக்கிற்குக் காரணம் பெரும்பாலும் இம்மென்மையே என்பது நம் கருத்து.

திராட்சைத் தோட்டம் போடுவோர் விதையிட்டு வளர்ப்பதில்லை. விதையிலிருந்து முளைப்பது தாயையும் முற்றும் ஒவ்வாது, தந்தையையும் ஒவ்வாது. புதியதொரு கொடியாகவே நிற்கும். கரும்பைக் கரணை நட்டுப் பெருக்குவது போல, நல்ல கொடியின் தண்டை வெட்டி நட்டோ ஒட்டுக்கட்டியோதான் பெருக்குவர். ஆகவே இன்றுள்ள மெர்லோக் கொடிகள் யாவும், என்றோ தானே முளைத்த ஒற்றை விதையின் நீட்சி எனலாம். இதற்கு மறுபக்கமும் உண்டு. வெட்டி நடுவதற்கு ஒரு கை இல்லாது போனால் அவ்வகையே அற்றுப்போகும்.

அப்படி அற்றுப்போனதாகக் கருதப்பட்ட ஒரு கொடி மெர்லோவின் பெயரிலேயே வாழ்ந்தது வியப்புக்குரியது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சிலி நாட்டுச் செல்வர்கள் போர்தோவிலிருந்து கொடிகளைக் கொண்டுசென்று நட்டனர். பின்னர் ஃபைலோக்சரா என்னும் வேர்ப்பூச்சி பிரான்சின் தோட்டங்களை அழித்தபோது, கார்மெனேர் என்ற வகை அங்கு ஏறக்குறைய மறைந்தது. மலையும் கடலும் பாலையும் சூழ்ந்த சிலியை அப்பூச்சி எட்டவில்லை. அங்கே கார்மெனேர் மெர்லோவுடன் கலந்து நின்று, மெர்லோ என்றே விற்கப்பட்டு வந்தது. 1994 நவம்பரில் மய்ப்போ பள்ளத்தாக்குத் தோட்டமொன்றைக் காணவந்த பிரெஞ்சுக் கொடியியல் அறிஞர் ழான்-மிஷெல் பூர்சிக்கோ, இது மெர்லோ அன்று, கார்மெனேர் என்று கண்டு சொன்னார். 1998இல் சிலி அரசு அதனைத் தனிவகையாக ஏற்றது. மரபணு ஆய்வுகளின்படி இவ்விரண்டிற்கும் கேபர்னே பிரான் என்னும் கொடியே தந்தை. குடும்பச் சாயல் கண்ணை மயக்கியிருக்கிறது!

தந்தை யார் என்பது 1990களின் இறுதியில் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வால் தெரியவந்தது. தாய் யார்? பதிவேடுகளில் இருந்த வகை எதுவும் பொருந்தவில்லை. விடை எதிர்பாராத ஒரு திசையில் கிடந்தது. பிரான்சின் வடமேற்கே, இன்று ஒயினுக்குப் பெயர்பெறாத பிரித்தானி பகுதியில், சேன்-சுலியாக் என்னும் ஊரருகே கைவிடப்பட்ட சரிவொன்றில் பெயரற்ற கொடி ஒன்று 1996இல் கிடைத்தது. பிறகு போர்தோவுக்கு வடக்கேயுள்ள ஷராந்த் பகுதியில், நான்கு ஊர்களில் வீட்டு முகப்புகளில் படர்ந்திருந்த கொடிகளும் அதே வகை என்று தெரிந்தது. ஜூலை 22இல் வரும் மக்தலேனா திருநாளையொட்டிப் பழுப்பதால், அவ்வூரார் அதனை மக்தலேனாத் திராட்சை என்றே அழைத்து வந்தனர். பூர்சிக்கோவும் உடன் ஆய்ந்தோரும் 2009இல் இதுவே மெர்லோவின் தாய் என வெளியிட்டு, 'ஷராந்தின் கறுப்பு மக்தலேன்' எனப் பெயரிட்டனர். எந்த வணிகரும் நாடாத அக்கொடியைக் காத்தவை நான்கு வீட்டு வாசல்கள்.

மெர்லோவோ இதற்குள் புகழின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் கண்டிருந்தது. 2004இல் வெளிவந்த 'சைட்வேஸ்' என்ற அமெரிக்கத் திரைப்படத்தில் கதைத்தலைவன் மெர்லோவை அருந்தவே மாட்டேன் என்று சீறுவான். அவன் போற்றிப் பாதுகாக்கும் புட்டியோ 1961ஆம் ஆண்டின் ஷெவால் பிளான். கேபர்னே பிரானும் மெர்லோவும் கலந்து ஆக்கப்படும் ஒயின் அது.

கறுப்பு மக்தலேனுக்கு வேறொரு பிள்ளையும் உண்டு. ப்ருனெலார் என்னும் கொடியோடு அது கலந்ததில் பிறந்தது மால்பெக். அதுவும் 19ஆம் நூற்றாண்டில் கடல் கடந்தது. இன்று ஆந்தீஸ் மலைக்குக் கிழக்கே அர்ஜென்டினாவின் மெந்தோசாவில் மால்பெக்கும், மேற்கே சிலியில் மெர்லோவும் விளைகின்றன.