கமிட்டைத் திரும்பப் பெறுதல்

கமிட்டைத் திரும்பப் பெறுதல் என்பது, பதிப்புக் கட்டுப்பாட்டு அமைப்பில் ஏற்கெனவே பதிவாகிவிட்ட நிரல் மாற்றத்தின் (கமிட்டின்) விளைவை நீக்கும் முறை. எதிர்மாற்றத்தைப் புதிய கமிட்டாகச் சேர்ப்பது ஒரு வழி. வரலாற்றையே திருத்தி எழுதுவது மற்றொன்று. பலர் சேர்ந்து எழுதும் நிரலுக்கு முதல் வழியே பாதுகாப்பானது.

பின்னணி

லினக்ஸ் கெர்னல் குழு பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு அமைப்பின் இலவச உரிமம் விலக்கிக்கொள்ளப்பட்டதால், 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்கு மாற்றாகக் கிட் என்ற அமைப்பை எழுதினார்.

இன்று தாம்பரம் மெப்ஸ், கூடுவாஞ்சேரி எஸ்டான்சியா, சோழிங்கநல்லூர் எல்காட், சிறுசேரி சிப்காட் ஆகிய தொழில் வளாகங்கள் என்று தென்சென்னைப் புறநகர் முழுவதும் மென்பொருள் அலுவலகங்கள் பரவியிருக்கின்றன. தாம்பரத்தில் இருப்பவரும் வெளிநாட்டில் இருப்பவரும் ஒரே நிரலைத் திருத்துவது இங்கே அன்றாட வேலை. கிட்டில் ஒவ்வொருவர் கணினியிலும் வரலாற்றின் முழுப் பிரதி இருக்கும். அதனால் பொதுக் கிளையின் வரலாற்றை ஒருவர் மாற்றினால், மற்ற எல்லோருடைய பிரதியும் அதோடு முரண்படும்.

ரிவர்ட்

கணக்குப் புத்தகத்தில் தவறான பதிவை அடித்துவிடாமல் எதிர்ப்பதிவு எழுதுவார்கள் அல்லவா, ‘கிட் ரிவர்ட்’ கட்டளையும் அதையே செய்கிறது. முன்பதிவுச் செயலி ஒன்றில் சேவைக் கட்டணம் 20 என்பது 200 ஆகிவிட்டது, அதன்மேல் இன்னும் இரண்டு கமிட்டுகளும் ஏறிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். ‘கிட் லாக்’ பட்டியலில் தவறான கமிட்டின் அடையாளத்தைத் தேடி எடுக்க வேண்டும். முழு அடையாளம் 40 எழுத்துகள். பெரும்பாலும் முதல் 7 எழுத்துகளே போதும். அதைக் கொடுத்து ரிவர்ட் செய்தால், 200 என்ற வரி நீங்கி 20 என்ற வரி திரும்பும். பின்னால் வந்த இரண்டு கமிட்டுகளும் அப்படியே இருக்கும்.

அந்த இரண்டில் ஒன்று அதே வரியைத் தொட்டிருந்தால் கான்ஃப்ளிக்ட் (முரண்பாடு) வரும். கையால் சரிசெய்து ‘--கன்டினியூ’ கொடுக்கலாம். குழப்பமாக இருந்தால் ‘--அபார்ட்’ கொடுத்துப் பழைய நிலைக்கே திரும்பிவிடலாம்.

இரு கிளைகளை இணைக்கும் மெர்ஜ் கமிட்டை ரிவர்ட் செய்யக் கூடுதல் கவனம் தேவை. எந்தப் பக்கத்தை மூலமாகக் கொள்வது என்பதை ‘-எம் 1’ போலக் குறிப்பிட வேண்டும். அப்படி ரிவர்ட் செய்தபின், இணைத்த கிளையைத் திருத்தி மீண்டும் மெர்ஜ் செய்தால், முன்பு நீக்கிய மாற்றங்கள் தாமாகத் திரும்பாது. முதலில் அந்த ரிவர்ட்டையே ரிவர்ட் செய்தாக வேண்டும்.

ரீசெட்

பொதுக் களஞ்சியத்துக்கு இன்னும் அனுப்பாத, அதாவது புஷ் செய்யாத கமிட்டுக்கு ‘கிட் ரீசெட்’ பொருத்தம். ‘--சாஃப்ட்’ கமிட்டை மட்டும் எடுத்துவிட்டு மாற்றங்களை விட்டுவைக்கும். ‘--ஹார்டு’ கமிட் ஆகாத வேலையையும் சேர்த்தே துடைத்துவிடும். கமிட் ஆனதை ‘கிட் ரிஃப்ளாக்’ வழியாக மீட்கலாம். எட்டமுடியாத கமிட்டுகளின் குறிப்புகளை அது வழக்கமாக 30 நாள் வைத்திருக்கும். கமிட்டே ஆகாத வேலைக்கு அந்த வழியும் இல்லை.

புஷ் செய்துவிட்ட கமிட்டை ரீசெட் செய்தால், பொதுக் கிளையின் வரலாற்றை மேலெழுத ஃபோர்ஸ் புஷ் தேவைப்படும். அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜென்கின்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள் திட்டம் சாட்சி. 2013 நவம்பரில் தவறுதலாக நடந்த ஒரு ஃபோர்ஸ் புஷ், அதன் 150-க்கும் மேற்பட்ட களஞ்சியங்களைப் பழைய நிலைக்குத் தள்ளியது. அந்தக் களஞ்சியங்கள் இருந்த கிட்ஹப் தளத்தின் உதவியோடுதான் அவற்றை மீட்க முடிந்தது. வேறு வழியே இல்லாதபோதும் ‘--ஃபோர்ஸ்-வித்-லீஸ்’ நல்லது. உங்களுக்குத் தெரியாமல் வேறொருவர் புஷ் செய்திருந்தால் அது மறுத்துவிடும்.

ரகசியங்கள்

கடவுச்சொல்லோ ஏபிஐ சாவியோ கமிட் ஆகிவிட்டால் ரிவர்ட் உதவாது. களஞ்சியத்தைப் பார்க்க முடிந்த யாருக்கும் பழைய கமிட்டில் அது தெரியும். முதலில் அந்தக் கடவுச்சொல்லை மாற்றுங்கள், சாவியை ரத்து செய்யுங்கள். வரலாற்றைச் சுத்தம் செய்யும் வேலையைக் குழுவினர் எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் பிறகு தொடங்குங்கள்.