சுண்டு விரலில் ஓர் இரும்பு வளையம்

ஆவணி அவிட்டத்துக்கு முந்தின நாள் திருவனந்தபுரத்தில் எங்கள் ஸ்ரீவராகம் வீட்டில் வந்து இறங்கினாள் என் அண்ணன் மகள். டொரண்டோவில் சிவில் என்ஜினீயரிங் படித்து, அங்கேயே வேலைக்கும் சேர்ந்தவள். நான்கு வருஷம் கழித்து வருகிறாள். அம்மா முதலில் அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு முடியைப் பார்த்தாள், கடைசியில் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"ஏண்டி, யாருடி உனக்குச் சனி தசைன்னு சொன்னா? சனிக்குன்னா நடுவிரல்லேன்னா போட்டுக்கணும்? சுண்டு விரல்லே போட்டுண்டிருக்கே!"

கறுத்த இரும்பு வளையம். கல் இல்லை, எழுத்து இல்லை. சுத்தியல் பட்ட இடமெல்லாம் சின்னச் சின்னப் பட்டைகளாகத் தெரிந்தன. மோதிரம் இருந்த இடத்தில் தோலும் கறுத்திருந்தது. குதிரை லாடத்தை அடித்துச் சனிக்காகச் செய்து போட்டுக்கொள்வார்களே, அசல் அதே மாதிரி. அம்மா அப்படி நினைத்ததில் வியப்பில்லை.

"படிப்பு முடிஞ்சப்போ போட்டுவிட்டா, பாட்டி. அங்கே எல்லா என்ஜினீயரும் போட்டுப்பா."

"படிச்சு முடிச்ச குழந்தைக்கு இரும்பா போடுவா? ஒரு பொட்டுத் தங்கம் கிடைக்கலையா அவாளுக்கு?"

அம்மாவின் கேள்வி நியாயமானது. படித்து முடித்தவர்களுக்குத் தங்க மோதிரம் என்பதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். அமெரிக்காவில் அதைத் தொடங்கி வைத்தது வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி. 1835-ல் அங்கே படிப்பை முடித்தவர்கள் தங்கள் வகுப்புக்கென்று மோதிரம் செய்துகொண்டார்கள். பிறகு மற்றக் கல்லூரிகள், அவற்றுக்குப் பின்னால் பள்ளிக்கூடங்கள் என்று அது நாடு முழுக்கப் பரவி, அதைச் செய்து விற்பதே பெரிய தொழிலாகிவிட்டது. எம்.ஐ.டி.யில் 1929-ல் மாணவர் குழு ஒன்று 1930 வகுப்புக்காக மோதிரம் வடிவமைத்தது. அதன் முகப்பில் பீவர் என்ற பிராணி இருக்கும். மரத்தைக் கொறித்துச் சாய்த்து ஆற்றில் அணை கட்டும் பிராணி அது. பொறியாளர்களுக்குப் பொருத்தமான அடையாளம்தான். தங்கத்தில் அது எலி மாதிரித் தெரிவதால் மாணவர்கள் அந்த மோதிரத்துக்குப் 'பித்தளை எலி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்றும் ஒவ்வொரு வகுப்பும் தனக்கென ஒரு குழு அமைத்து, மாதக்கணக்கில் வரைந்து, கூட்டம் கூட்டித் திரையை விலக்கித்தான் தன் மோதிரத்தைக் காட்டுகிறது. அந்த வகுப்பின் காலத்தில் நடந்தவை, அவர்களுக்குள் மட்டும் புரியும் குறிப்புகள் எல்லாம் நுணுக்கமாக அதில் ஏறியிருக்கும். வெஸ்ட் பாயின்ட்டிலோ, மறைந்த பழைய மாணவர்களின் மோதிரங்களை உருக்கி, அந்தப் பொன்னைப் புது வகுப்பின் மோதிரங்களில் கலக்கும் வழக்கமும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தோடு சேர்ந்துகொண்டது. பாட்டியின் திருமாங்கல்யப் பொன்னிலிருந்து ஒரு குண்டுமணி எடுத்துப் பேத்தியின் தாலியில் சேர்ப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த மோதிரங்களெல்லாம் இன்ன வருஷம், இன்ன கல்லூரி, இன்னாரோடு படித்தேன் என்று பின்னோக்கிப் பேசுபவை. அண்ணன் மகளின் மோதிரத்தில் வருஷமும் இல்லை, கல்லூரிப் பெயரும் இல்லை. கனடாவில் எந்த ஊரில் பொறியியல் படித்தாலும் இதே மோதிரம்தான். அது பிறந்தது ஒரு பாலம் விழுந்ததற்குப் பின்னால்.

கியூபெக் நகருக்கு அருகே செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மேல் உலகத்திலேயே நீளமான கண் கொண்ட பாலம் எழும்பிக்கொண்டிருந்தது. இரண்டு கரையிலிருந்தும் இரும்புக் கைகளை நீட்டி நடுவில் கோர்க்கும் வகை. நம் ஹௌரா பாலத்தின் வகை. முதலில் 1600 அடி என்று திட்டமிட்ட நடுக்கண்ணை, ஆலோசகப் பொறியாளர் தியோடர் கூப்பர் 1800 அடியாக்கினார். கண்ணின் நீளம் கூடினால் பாலத்தின் சொந்த எடையும் கூடும். அந்தக் கூடுதல் எடையை ஒழுங்காகத் திரும்பக் கணக்குப் பார்க்கவில்லை. பிழை தெரியவந்தபோது இரும்பு பெருமளவு அடித்து முடிந்திருந்தது. தாங்கும் என்று விட்டுவிட்டார்கள். கூப்பர் அந்தக் காலத்தில் பாலக்கலையில் பெரும் புகழ் பெற்றவர். வயதும் உடல்நிலையும் இடம் தராமல் நியூயார்க்கில் உட்கார்ந்தபடியே மேற்பார்வை பார்த்தார். இரும்பு ஏறத் தொடங்கிய பிறகு அவர் அந்த இடத்தில் காலே வைக்கவில்லை.

1907 ஆகஸ்டில், கீழ்ப்பக்கத்து அழுத்தத் தண்டுகள் வளையத் தொடங்கின. நூல் பிடித்துப் பார்த்தபோது ஒரு தண்டில் வளைவு இரண்டு அங்குலத்துக்கு மேல். வரும்போதே அது வளைந்துதான் வந்தது என்று சாதித்தவர்களும் உண்டு. நார்மன் மெக்லூர் என்ற இளம் பொறியாளர் நியூயார்க்குக்கு ரயில் ஏறி, ஆகஸ்ட் 29 அன்று கூப்பரை நேரில் பார்த்துச் சொன்னார். கூப்பருக்கு உடனே புரிந்துவிட்டது. இனி பாரம் ஏற்றாதீர்கள் என்று தந்தி அடித்தார். அடித்தது பாலம் கட்டும் கம்பெனி இருந்த பென்சில்வேனியாவுக்கு, ஆற்றங்கரைக்கு அல்ல. அங்கே அதைக் கையில் எடுத்தவர்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள்.

அன்று மாலை ஐந்தரை மணி அளவில், வேலை முடியும் நேரத்தில், தென்பக்கத்துப் பாலம் 15 விநாடியில் ஆற்றில் இறங்கியது. 75 பேர் இறந்தார்கள். அவர்களில் 33 பேர் கானவாகே என்ற ஒரே ஊரைச் சேர்ந்த மோஹாக் பூர்வகுடிகள். உயரத்தில் இரும்பு கோர்ப்பதில் பேர்போனவர்கள். ஒரு சின்ன ஊரில் ஒரே மாலையில் முப்பத்து மூன்று வீடுகள். விசாரணை ஆணையம் பழியை வானிலையின் மேலோ விதியின் மேலோ போடவில்லை. கணக்கிட்டவர்களின் தவறு என்று பெயரைச் சொல்லியே எழுதியது.

மறுபடியும் கட்டினார்கள். 1916 செப்டம்பர் 11 அன்று நடுத்துண்டைப் படகுகளில் கொண்டுவந்து மேலே தூக்கும்போது அது நழுவி ஆற்றில் விழுந்தது. இன்னும் 13 பேர். மூன்றாவது தடவையில்தான், 1917-ல், பாலம் நின்றது. இன்றும் நிற்கிறது, அந்த வகையில் உலகிலேயே நீளமான கண் இன்றும் அதுதான்.

இந்த நினைவெல்லாம் ஆறாத காலத்தில், 1922 ஜனவரியில், மாண்ட்ரியலில் கனடாப் பொறியாளர்களின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. டொரண்டோ பல்கலைக்கழகத்தில் சுரங்கப் பொறியியல் பேராசிரியராக இருந்த ஹெச். இ. டி. ஹால்டெய்ன் எழுந்து பேசினார். மருத்துவர்களுக்கு நெடுங்காலமாக ஓர் உறுதிமொழி இருக்கிறது. நமக்கு மட்டும் ஏன் எதுவும் இல்லை? பட்டம் வாங்கிய மறுநாளே ஒருவன் சுரங்கத்துக்கும் ஒருவன் ரயில்வேக்கும் போய்விடுகிறான். இவர்களைக் கட்டி நிறுத்த ஒரு சொல் வேண்டாமா? சாரத்தில் அவர் கேட்டது இதுதான். அமைப்பின் முன்னாள் தலைவர்கள் ஏழு பேர் முன்வந்தார்கள்.

அடுத்த ஆண்டு ஹால்டெய்ன் கடிதம் எழுதியது ஒரு பொறியாளருக்கல்ல, ருட்யார்ட் கிப்ளிங்குக்கு. பம்பாயில் பிறந்தவர், பதினாறு வயதில் லாகூரில் பத்திரிகை வேலைக்கு வந்தவர். கங்கையின் மேல் பாலம் கட்டும் பொறியாளன் ஒருவன் வெள்ளம் வரும் இரவில் தவிப்பதை வைத்து 'தி பிரிட்ஜ் பில்டர்ஸ்' என்ற கதை எழுதியவர். பாலம் விழுந்த அதே 1907-ல், உலகத்தின் பாரத்தைச் சத்தமில்லாமல் சுமக்கும் உழைப்பாளிகளைப் பற்றி அவர் எழுதிய கவிதை பொறியாளர்கள் மத்தியில் பிரபலம். ஏகாதிபத்தியத்தைப் பாடிய கிப்ளிங்கோடு நமக்கு இருக்கும் கணக்கு வேறு. அது தீர்ந்துவிட்டதாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தூணின் அடியில் நீர் ஏறும்போது அதைக் கட்டியவனின் வயிற்றில் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதைக் கற்றது நம் ஆறுகளின் கரையில்.

கிப்ளிங் உறுதிமொழியை எழுதி அனுப்பினார். மோதிரத்தின் யோசனையும் அந்தக் கடிதப் போக்குவரத்திலேயே உருப்பெற்றது. மட்டமான வேலையையும் குறைபட்ட பொருளையும் தெரிந்தே என் கையைத் தாண்டிப் போக விடமாட்டேன் என்பது உறுதிமொழியின் உயிர். சாமர்த்தியமாக இருப்பேன், பெரிய ஆளாவேன் என்றெல்லாம் அதில் பேச்சில்லை. விட மாட்டேன், அவ்வளவுதான். 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்ற அந்த ஒரு சொல்லைத் தடுக்கவே எழுதியது போல எனக்குப் படுகிறது.

1925 ஏப்ரல் 25 அன்று மாண்ட்ரியலில் ஒரு கிளப்பில் ஆறு மூத்த பொறியாளர்கள் முதன்முதலாக அதைச் சொன்னார்கள். மே 1 அன்று டொரண்டோ பல்கலைக்கழகத்தில் அவர்களில் சிலர், அங்கே ஏற்கெனவே பட்டம் பெற்றிருந்த 14 பேருக்கு அதை எடுத்துக் கொடுத்தார்கள். இன்றும் அந்தச் சடங்கில் மறைக்கும் ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் ஊர் கூட்டிப் படம் பிடிக்கும் விழாவும் அல்ல. ஏற்கெனவே மோதிரம் அணிந்தவர்தான் அடுத்தவருக்குப் போட்டுவிடுவார். அப்பாவோ அத்தையோ பொறியாளராக இருந்தால் அவர்கள் கையாலேயே போட்டுக்கொள்ளலாம்.

மோதிரத்தின் வடிவத்தில்தான் எனக்கு மனம் நின்றுவிட்டது. முதல் மோதிரங்களை அடித்தவர்கள் டொரண்டோவில் ராணுவ மருத்துவமனையில் இருந்த, முதல் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்கள். தேனிரும்பைக் கையால் தட்டியது, மெருகு போடவில்லை. இளம் மனசு கரடுமுரடானது, அதன் ஓரங்கள் இன்னும் தேயவில்லை, மோதிரமும் அப்படித்தான் இருக்கட்டும் என்பது கிப்ளிங் சொன்ன காரணம். போடும் இடம், வேலை செய்யும் கையின் சுண்டு விரல். காகிதத்தில் கை வைத்து வரையும்போது முதலில் உரசுவது அந்த விரல்தான். புது மோதிரத்தின் பட்டைகள் காகிதத்தில் இடறும். வருஷங்கள் போகப் போக, வரைந்து வரைந்து, அவை தேய்ந்து வழவழப்பாகும். மூத்த பொறியாளரின் மோதிரத்தைத் தடவிப் பார்த்தாலே அவருடைய அனுபவம் கைக்குத் தெரிந்துவிடும் என்கிறார்கள். இப்போது பல ஊர்களில் துருப்பிடிக்காத எஃகில் தருகிறார்கள்; டொரண்டோவில் இன்றும் தேனிரும்பு கிடைக்கிறது. அதனால்தான் இவள் விரல் கறுத்திருந்தது.

விழுந்த பாலத்தின் இரும்பில்தான் இந்த மோதிரங்களைச் செய்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அது உண்மையல்ல. இருந்தும் அந்தப் பேச்சு சாகாமல் இருப்பது எனக்குப் புரிகிறது. விரலில் கிடப்பது எந்த இரும்பு என்று ஒரு கதை மனசுக்கு வேண்டியிருக்கிறது. கிப்ளிங்கின் வாசகம் ஆண்களை மட்டும் நினைத்து எழுதியது, ஒரு மதத்தின் சாயல் கொண்டது, பூர்வகுடிகளை எண்ணிப் பார்க்காதது என்று சொல்லி அதை மாற்றக் கேட்டவர்கள் அந்த மோதிரத்தை அணிந்த பொறியாளர்களேதான். கானவாகேயின் 33 பேரை நினைத்தால் அவர்கள் கேட்டது சரி. அமெரிக்கர்களும் இந்த மோதிரத்தைப் பார்த்து 1970-ல் எஃகு மோதிரத்தோடு தங்கள் வழக்கத்தைத் தொடங்கினார்கள்.

நம் பக்கத்தில் இப்படி ஒன்று இல்லை. திருவனந்தபுரத்தில் பொறியியல் கல்லூரி வந்தது 1939-ல். இத்தனை ஆண்டுகளில் இங்கே படித்தவர்கள் எத்தனையோ அணையும் பாலமும் கட்டியிருக்கிறார்கள், கையில் வாங்கியது பட்டச் சுருள்தான். ஆனால் புனலூரில் ஒரு கதை உண்டு. செங்கோட்டைக்குப் போகும் பாதையில், கல்லடையாற்றின் மேல், 1877-ல் ஆல்பர்ட் ஹென்றி என்பவர் தொங்குபாலம் கட்டி முடித்தார். சங்கிலியில் ஆடும் பாலத்தில் கால் வைக்க ஊர்க்காரர்களுக்குப் பயம். ஹென்றி, பாலத்தின் மேல் ஆறு யானைகளை நடக்க விட்டு, தன் குடும்பத்தோடு ஒரு படகில் ஏறிப் பாலத்துக்கு நேர் கீழே போய் நின்றார் என்று சொல்கிறார்கள். நடந்ததோ என்னவோ, திருவிதாங்கூரில் பிறந்த குழந்தைகள் இதைக் கேட்காமல் வளர்வதில்லை. கூப்பர் ஆற்றங்கரைக்கே வரவில்லை என்று வாசித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் படகுதான்.

மறுநாள் காலையில் அண்ணா ஆவணி அவிட்டத்துக்கு உட்கார்ந்தார். மோதிர விரலில் தர்ப்பைப் பவித்திரம். சுப காரியத்துக்கு இரண்டு புல், பிதுர் காரியத்துக்கு மூன்று, சாவுக்கு ஒன்று. முடிச்சைப் பார்த்தே என்ன காரியம் என்று சொல்லிவிடலாம். வேதப் படிப்பை ஆண்டுதோறும் மறுபடி தொடங்கும் நாளுக்கு உரிய மோதிரம் அது. பதினோரு மணிக்கெல்லாம் காரியம் முடிந்து, பவித்திரத்தை அவிழ்த்துப் போட்டுவிட்டு எழுந்தார். அவள் காபி கொண்டுவந்தாள். டம்ளரை வாங்குமுன் அவள் விரலைப் பிடித்து, கட்டை விரலால் அந்தப் பட்டைகளைத் தடவிப் பார்த்தார்.

"உறுத்தலையாடி?"

"வரையறப்போ மட்டும், அப்பா."